ஊரோரக் காட்டுப்பூனைகளுக்கு நோய் எந்த வழியில் வருகிறது? தடம் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடமேற்கே சான்டா மோனிகா மலைகள் இருக்கின்றன. மலையடிவாரம் வரை புறநகர் வீடுகள், கோல்ஃப் மைதானங்கள், குறுக்கே பல வழி நெடுஞ்சாலைகள். 1996 முதல் அங்கே அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையினர், பாப்கேட் என்னும் குட்டைவால் காட்டுப்பூனைகளுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்து வந்தார்கள். 2001-க்குப் பிறகு அந்தப் பூனைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழத் தொடங்கின. காது விளிம்பில் தொடங்கி முகம், கழுத்து என்று சாம்பல் நிறப் பொருக்குத் தட்டி, தோல் தடித்து, கண்ணைத் திறக்க முடியாமல், எலும்பும் தோலுமாகப் பட்டப்பகலில் வீட்டுத் தோட்டங்களில் படுத்துக் கிடந்தன.

சொறிதான் காரணம். வீட்டுப்பூனைகளுக்கும் வருகிற அதே சொறி, அதே சிற்றுண்ணி. வீட்டுப்பூனைக்கு வந்தால் டாக்டர் ஓர் ஊசியிலோ, கழுத்தில் விடும் இரண்டு சொட்டு மருந்திலோ குணமாக்கிவிடுவார். அப்படிப்பட்ட ஒரு தோல்நோய், ஒரு மலைத்தொடரின் காட்டுப்பூனைகளை எப்படிச் சாய்த்தது? பதிலுக்கு வெகுகாலம் ஆயிற்று. கிடைத்த பதில் கிருமியைப் பற்றியது மட்டுமாகவும் இல்லை. அதை நான்காம் படியில் விரிவாகப் பார்ப்போம்.

தேயிலைத் தோட்டத்திலோ, காட்டோரக் கிராமத்திலோ, கரும்புக் காட்டுக்கு நடுவிலோ குடியிருப்பவர்கள், பள்ளி இயற்கை மன்றம் நடத்துபவர்கள், விலங்கு கடந்தால் தானே படமெடுக்கும் கேமரா ட்ராப் வைத்துப் பார்க்கும் ஆர்வலர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். தலைப்பில் காட்டுப்பூனை என்று சொல்வது முழுப் பூனைக் குடும்பத்தையும்தான்: வயலோரத்துக் காட்டுப்பூனையில் தொடங்கி சிறுத்தை, புலி வரை. செத்த விலங்கைப் பார்த்ததும் எல்லோரும் முதலில் கேட்பது "என்ன நோய்?" என்றுதான். அதற்கு முன் கேட்க வேண்டியது, "இது யாரை, எங்கே சந்தித்தது?" என்பது. இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

படி 1: யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். உங்கள் ஊரைச் சுற்றி எந்தெந்தப் பூனையினம் இருக்கிறது, எது எதைத் தின்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வயலோரத்துக் காட்டுப்பூனை நெல் வயல், கரும்பு, குளக்கரை நாணல் என்று மனிதர் பக்கத்திலேயே எலி பிடித்து வாழும். மீன்பிடிப் பூனைக்குச் சதுப்பு நிலம் வேண்டும். கொழும்பு நகரத்துச் சதுப்பு நிலங்களிலேகூட அது வாழ்கிறது. சிறுத்தைக்குக் காடு கட்டாயமில்லை, மறைய இடமும் பிடிக்க இரையும் இருந்தால் தங்கிவிடும்.

அடுத்த பக்கத்தில் வீட்டு விலங்குகள். தெருநாய்கள் சுமார் எத்தனை, அவற்றில் காது நுனி வெட்டிய, அதாவது கருத்தடை செய்த நாய்கள் எத்தனை, இரவில் வெளியே திரியும் வீட்டுப்பூனைகள் எந்தெந்த வீட்டில், கோழிப்பண்ணை எங்கே, ஆடு மாடு எந்தப் பக்கம் மேய்கிறது. பெரும்பாலானவர்கள் காட்டு விலங்குகளின் பட்டியலை மட்டும் ஆசையாக எழுதிவிட்டு இதைத் தவிர்ப்பார்கள். உண்மையில் இந்த இரண்டாம் பக்கம்தான் பின்னால் உதவும்.

படி 2: சந்திக்கும் இடங்களைக் கண்டுபிடியுங்கள்

மலைப்பாதையில் இருக்கும் ஏதாவதொரு கோழிக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடை சாத்தும்போது இறகு, குடல், தலை, கால் எல்லாம் ஒரு சாக்கில் சேர்ந்திருக்கும். அதை எடுத்துப் போக ஆளில்லாத ஊரில் சாக்கு போய்ச் சேருவது ஊருக்கு வெளியே ஏதாவதொரு கொண்டை ஊசி வளைவுச் சரிவில். முதலில் காக்கை வரும். பின்னாலேயே நாய்கள். அந்தி சாய்ந்ததும் கீரி, மரநாய், காட்டுப்பூனை. நாய்கள் வாடிக்கையாகக் கூடும் இடம் என்று தெரிந்துவிட்டால் சிறுத்தையும் வரும். அது கோழிக்குடலுக்காக வருவதில்லை, நாய்க்காக வருகிறது.

ஒரே ஒரு சாக்கு, நான்கு வகை உறவுகளை உண்டாக்கிவிடுகிறது. ஒரே குப்பையில் வாய் வைப்பது, ஒரே மண்ணில் கழிவது, ஒன்றையொன்று கடிப்பது, ஒன்றையொன்று தின்பது. நோய் பரவ இதற்குமேல் என்ன வேண்டும்?

மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில் காடே இல்லாத விவசாய நிலத்தில் வாழும் சிறுத்தைகளின் எச்சத்தைச் சேகரித்துப் பார்த்தபோது, அவை தின்ற இரையின் எடையில் 39 சதவீதம் நாய்தான் என்று தெரிந்தது. நேபாளத்தில் இரத்த மாதிரிகளைச் சோதித்த ஆய்வு ஒன்றில், 28 புலிகளில் 3-க்கும், 20 சிறுத்தைகளில் 6-க்கும் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸுக்கான எதிர்ப்புப் பொருள், அதாவது அந்த வைரஸ் முன்பு தொற்றியதன் அடையாளம், இருந்தது. சிறுத்தையிடம் விகிதம் கூடுதல். ஊரை ஒட்டி வாழ்ந்து நாயைத் தின்னும் விலங்கு எது என்று யோசித்தால் காரணம் ஊகிக்கக்கூடியதே.

கோழிக் கழிவை இப்போது இன்னொரு காரணத்துக்காகவும் கவனிக்க வேண்டியிருக்கிறது. 2024 டிசம்பர் கடைசியில் நாக்பூரின் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் செத்தன. சோதனையில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் என்று உறுதியானது. பூனைக் குடும்பத்துக்கு அந்த வைரஸ் எளிதில் தொற்றும். தொற்றியது பெரும்பாலும் பிழைப்பதில்லை. கூண்டில் இருப்பவற்றுக்கு இறைச்சியைச் சோதித்துக் கொடுக்கலாம். சாலை வளைவில் கிடக்கும் சாக்கைச் சோதிக்க யார் இருக்கிறார்கள்?

நோட்டில் இப்போது ஒரு வரைபடம் போடுங்கள். குப்பை கொட்டும் இடம், இறைச்சிக் கழிவு, செத்த மாட்டை இழுத்துப்போடும் இடம், கோடையில் வற்றாத தண்ணீர்த் தொட்டி, தெருப்பூனைக்குச் சோறு வைக்கும் திண்ணை. ஊருக்கு ஐந்தாறு புள்ளிகள் விழும். அவ்வளவுதான்.

படி 3: கிருமி உடலுக்கு வெளியே எவ்வளவு நேரம் உயிரோடிருக்கும்?

நோய்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, இந்த ஒரு கேள்வியை வைத்துப் பிரிப்பது நல்லது. பதில் தெரிந்தால் பரவும் வழி தானாகத் தெரிந்துவிடும்.

வெளியே வந்ததும் சீக்கிரம் சாகும் கிருமிகள் முதல் வகை. டிஸ்டெம்பர், பூனை லுகேமியா வைரஸ், பூனைகளின் எய்ட்ஸ் என்று சொல்லப்படும் எஃப்ஐவி மூன்றும் இதில் சேரும். வெயிலும் வறட்சியும் இவற்றைக் கொன்றுவிடும். ஆகவே விலங்குகள் நெருங்கினால்தான் பரவ முடியும். எஃப்ஐவி பெரும்பாலும் சண்டையில் விழும் ஆழமான கடியால் போகிறது. லுகேமியா எச்சிலால் போகிறது: நக்கிக் கொடுப்பது, ஒரே தட்டில் தின்பது, கடிப்பது, அல்லது நோயுள்ள பூனையையே கொன்று தின்பது. டிஸ்டெம்பருக்கு இருமலும் தும்மலும் மூக்குச்சளியும் போதும். ஒரே இரையைச் சுற்றிப் பல விலங்குகள் கூடினால் அதற்கு விருந்து.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பூமா என்னும் பெரிய பூனைகளுக்கு 2002-க்கும் 2004-க்கும் இடையே லுகேமியா புகுந்து ஐந்து செத்தன. வைரஸின் மரபணுவை ஆராய்ந்தபோது, அது வீட்டுப்பூனைகளிடம் இருக்கும் ஒரு வகையோடு ஒத்துப்போனது. ஸ்பெயினின் தோஞானாவில் 2007-ல் இதே நோய், அப்போது உலகிலேயே மிக அருகிப்போயிருந்த ஐபீரிய லின்க்ஸ் என்னும் பூனையினத்திடம் நுழைந்தது. அங்கே அதிகாரிகள் செய்ததை நான் உருப்படியான பாடமாகப் பார்க்கிறேன். லின்க்ஸ்களைப் பிடித்துச் சோதித்தார்கள், தொற்றியவற்றைத் தனியே பிரித்தார்கள், தொற்றாதவற்றுக்குத் தடுப்பூசி போட்டார்கள், அந்தப் பகுதியில் திரிந்த நாட்டுப்பூனைகளைப் பிடித்து அகற்றினார்கள். ஒன்றை மட்டும் செய்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் வகை நேரெதிர். வெளியே மாதக்கணக்கில் காத்திருக்கும் கிருமிகள். பூனை பேன்லுகோபீனியா, அதாவது பூனைகளின் பார்வோ வைரஸ், மண்ணிலும் கூண்டுக் கம்பியிலும் செருப்படியிலும் ஒரு வருடம்கூடத் தாங்கும். இதற்கு விலங்குகள் சந்திக்கவே வேண்டாம். இன்றைக்கு நோயுள்ள பூனைக்குட்டி பேதி போன இடத்தை அடுத்த மாதம் காட்டுப்பூனை முகர்ந்தால் போதும். 2023-ல் பெங்களூரு பன்னேர்கட்டா பூங்காவில் ஏழு சிறுத்தைக் குட்டிகளை இந்த நோய் கொன்றது. அவற்றுக்குத் தடுப்பூசி போட்டிருந்தும் பயனில்லாமல் போயிற்று.

டாக்ஸோபிளாஸ்மாவும் இந்த வகைதான். பூனை இனத்தின் குடலில் மட்டுமே அது முட்டை போன்ற உருண்டைகளை உண்டாக்குகிறது. ஒரு பூனை பொதுவாகத் தன் ஆயுளில் ஒருமுறை, ஓரிரு வாரங்களுக்கு மட்டும் இவற்றை வெளியேற்றும். ஆனால் அந்த வாரங்களில் வெளிவருவது கோடிக்கணக்கில். ஈரமண்ணில் ஒரு வருடத்துக்கு மேல் கிடக்கும், மழைநீரோடு ஓடும். கலிபோர்னியாவில் நிலத்துப் பூனைகளின் எச்சத்திலிருந்து கிளம்பியது, மழைவெள்ளத்தில் கடலுக்குப் போய்க் கடல்நீர்நாய்களைக் கொன்றிருக்கிறது. நல்ல செய்தி என்னவென்றால், வெளியே வந்த உருண்டை தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். வீட்டுப்பூனையின் மண்தட்டைத் தினமும் சுத்தம் செய்து, கழிவைக் கட்டிக் குப்பையில் போட்டால் இந்த வழி பெரும்பாலும் அடைபடும். ஓடையில் கொட்டாதீர்கள்.

மூன்றாவது, ஏறிப் பயணிப்பவை. உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் சுமந்து வரும் இரத்தக் கிருமிகள்: பபீசியா, பார்டொனெல்லா, சைட்டாக்ஸூன். இதில் சைட்டாக்ஸூன் வேடிக்கையானது. அமெரிக்காவின் தெற்கு, தென்கிழக்கு மாநிலங்களில் பாப்கேட் இதை உடலில் வைத்துக்கொண்டு பெரிய தொந்தரவில்லாமல் நடமாடும். உண்ணி வழியாக அது வீட்டுப்பூனைக்கு வந்தால் சில நாட்களில் வீட்டுப்பூனை சாகும். எப்போதும் ஊரிலிருந்துதான் காட்டுக்கு நோய் போகும் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்வேன்.

சொறிச் சிற்றுண்ணி இந்த மூன்றுக்கும் நடுவில் நிற்கிறது. தோலுக்குள் குடைந்து வாழும், விலங்கைவிட்டு வெளியே சில நாள் தாங்கும். ஒரே குகையில், ஒரே புதரடியில் மாறி மாறிப் படுத்தால்கூட ஒட்டிக்கொள்ளலாம்.

படி 4: கிருமியை விடுங்கள், உடம்பு ஏன் தோற்றது?

சான்டா மோனிகா பாப்கேட்டுகளுக்குத் திரும்புவோம். சொறியால் செத்த பூனைகளின் கல்லீரலைச் சோதித்தபோது, ஏறக்குறைய எல்லாவற்றிலும் எலி மருந்து இருந்தது. உடனே கொல்லும் விஷமல்ல, இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் வகை. நம்மூர்க் கடைகளில் எலி கேக் என்று விற்கும் ப்ரோமடியோலோன் அதே குடும்பம்தான்.

அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும். உடல் அதை மறுபடி மறுபடி புதுப்பித்துப் பயன்படுத்தும். இந்த மருந்து அந்தப் புதுப்பித்தலை முடக்குகிறது. தின்ற எலி அன்றைக்கே சாகாது. மூன்று நான்கு நாள் நடமாடும், மறுபடி வந்து இன்னும் தின்னும், சாவதற்கு முன் தள்ளாடும். தள்ளாடும் எலியைவிடச் சுலபமான இரை பூனைக்கு ஏது? எலியிடமிருந்து பூனையின் கல்லீரலுக்கு வந்த மருந்து அங்கே மாதக்கணக்கில் தங்கிவிடும். அடுத்த எலி, அதற்கடுத்த அணில் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்.

பூனை இரத்தம் கசிந்து சாகும் என்றுதான் எதிர்பார்ப்போம். பாப்கேட்டுகளில் பெரும்பாலானவை அப்படிச் சாகவில்லை. உயிரோடு பிடித்த பூனைகளின் இரத்தத்தை ஆராய்ந்து 2018-ல் வெளிவந்த ஆய்வுகள், மருந்து உடலில் இருந்தவற்றின் நோயெதிர்ப்பு தாறுமாறாக இருந்ததைக் காட்டின. எதிர்ப்பின் சில பகுதிகள் தூண்டப்பட்டிருந்தன, சில அடங்கியிருந்தன, தோலின் கட்டுக்கோப்பைப் பராமரிக்கும் மரபணுக்களின் வேலை குறைந்திருந்தது. அதாவது தோலில் குடையும் பூச்சிக்கு வாசல் ஏற்கெனவே பாதி திறந்திருந்தது. சொறிநோயாக மட்டும் இதைப் பார்த்திருந்தால் மருந்து தெளிப்பதோடு கதை முடிந்திருக்கும்.

லாஸ் ஏஞ்சலிஸின் கிரிஃபித் பூங்காவில் தனியாக வாழ்ந்து உலகப் புகழ்பெற்ற பி-22 என்ற பூமாவுக்கும் 2014-ல் இதே கதை. பிடித்துப் பார்த்தபோது சொறி. இரத்தத்தில் எலி மருந்து. வைட்டமின் கே ஊசியும் சொறிக்கு மருந்தும் கொடுத்து விட்டார்கள், தேறியது. பிறகு எட்டு வருடம் வாழ்ந்தது. எல்லாப் பூனைக்கும் அப்படி ஒரு டாக்டர் கூட்டம் வராது. கலிபோர்னியா அரசு 2020-ல் ப்ரோமடியோலோன் போன்ற இரண்டாம் தலைமுறை எலி மருந்துகளின் பெரும்பாலான பயன்பாட்டைத் தடுத்துச் சட்டம் போட்டதற்குப் பின்னால் இந்தக் கல்லீரல் சோதனைகளுக்குப் பங்குண்டு.

எலி மருந்து மட்டும்தான் உடம்பைக் கெடுக்கும் என்றில்லை. இன்னும் இரண்டைச் சேர்த்துப் பாருங்கள்.

ஒன்று, இரட்டைத் தாக்குதல். 1994-ல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் டிஸ்டெம்பர் பரவி, சுமார் 3,000 சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுபோயிற்று. வேறு ஆண்டுகளிலும் அதே வைரஸ் அங்கே வந்து சத்தமில்லாமல் போயிருக்கிறது. 1994-ல் மட்டும் ஏன்? அதற்கு முன் கடும் வறட்சி. எருமைகள் மெலிந்து, உடம்பெல்லாம் உண்ணி. அவற்றைத் தின்ற சிங்கங்களுக்கு உண்ணி வழியாகப் பபீசியா. அந்த நேரம் பார்த்து டிஸ்டெம்பரும் வந்து எதிர்ப்புச் சக்தியை அடக்க, இரண்டும் சேர்ந்து கொன்றன. நம் நாட்டில் 2018 செப்டம்பரில் கீர் காட்டின் தல்கானியா பகுதியில் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் செத்தபோதும், சோதனையில் டிஸ்டெம்பரும் பபீசியாவும் சேர்ந்தே கிடைத்தன.

மற்றொன்று, தனிமைப்பட்ட கூட்டம். நெடுஞ்சாலை நடுவில் ஓடினால் இரு பக்கத்துப் பூனைகளும் கலக்காது, உறவுக்குள்ளேயே இனம் பெருகும். சான்டா மோனிகாவில் சொறி அலை ஓய்ந்தபின் எஞ்சிய பாப்கேட்டுகளின் மரபணு, அலைக்கு முன் இருந்ததிலிருந்து பளிச்சென்று வேறுபட்டது. பல பத்தாண்டுகளாக நெடுஞ்சாலை செய்த வேலையை நோய் சில வருடத்தில் செய்துவிட்டது. ஃபுளோரிடா பூமாக்களோ முப்பதுக்கும் கீழே குறைந்து, 1995-ல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விடும் நிலைக்குப் போயிருந்தன.

அதற்காக விலங்குப் பாதை திறந்தால் நோயும் அதன் வழியே நடந்து வரும் என்று பயந்து மூடிவைப்பதை நான் ஏற்க மாட்டேன். அடைத்துவைத்த கூட்டத்துக்கு நோய் வந்தால் தப்பிக்க வழியே இல்லை. கீர் சிங்கங்களை இரண்டாவது இடத்திலும் குடியேற்ற வேண்டும் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதை மனதில் வைத்துத்தான்.

படி 5: "நாயால்தான் வந்தது" என்று உடனே எழுதிவிடாதீர்கள்

சந்தேகம் வேறு, சாட்சி வேறு. ரஷ்யாவின் தூரக்கிழக்கில் அமூர் புலிகளுக்கு டிஸ்டெம்பர் வந்தபோது எல்லோரும் கிராமத்து நாய்களைத்தான் கைகாட்டினார்கள். வைரஸின் மரபணுவையும் இரத்த மாதிரிகளையும் சேர்த்து ஆராய்ந்து 2020-ல் வெளியான முடிவு வேறு: அங்கே நோயை உயிரோடு வைத்திருந்தது காட்டிலுள்ள சிறு ஊனுண்ணிகள். நாய்க்கு ஊசி போட்டுப் புலியைக் காப்பாற்ற முடியாத இடம் அது. ஒருசில புலிகளுக்கே ஊசி போட்டாலும் இனம் அழியும் அபாயம் குறையும் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. செரெங்கெட்டியிலும் நாய்களுக்குப் பல வருடம் தடுப்பூசி போட்டபின், நாய்களிடம் நோய் குறைந்தது. காட்டு விலங்குகளிடம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

கலிபோர்னியாவிலும் கொலராடோவிலும் பூமா, பாப்கேட், வீட்டுப்பூனை மூன்றின் இரத்தத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். நகரை நெருங்க நெருங்க எல்லா நோயும் கூடும் என்ற எளிய விதி அங்கே கிடைக்கவில்லை. எஃப்ஐவி பெரும்பாலும் ஒவ்வோர் இனத்துக்கும் தன் தன் வகையாகவே இருந்தது, எப்போதாவது பாப்கேட்டின் வகை பூமாவிடம் தாவியிருந்தது. மற்றவை இடத்துக்கு இடம் மாறின. ஆகவே உங்கள் நோட்டில் "காரணம்" என்ற கட்டத்தைப் பரிசோதனை முடிவு வரும்வரை காலியாக விடுங்கள். "சந்தித்த இடம்" என்ற கட்டத்தை மட்டும் நிரப்புங்கள்.

படி 6: தூரத்திலிருந்து பார்த்து என்ன சொல்லலாம்

கேமரா ட்ராப் படங்களே இதற்குப் போதும். காது விளிம்பில் முடி கொட்டியிருக்கிறதா, முகத்தில் பொருக்கா, வாலடியில் ஈரமா, விலா எலும்பு தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே பூனையின் படத்தை மாதாமாதம் ஒப்பிட்டால் இன்னும் தெளிவு.

நேரில் பார்த்தால் நடத்தையைக் கவனியுங்கள். பயம் போவது மிக முக்கியமான அறிகுறி. 2003-ல் ரஷ்யாவில் ஒரு பெண் புலி கிராமத்துக்குள் நடந்து வந்து, ஆட்களைக் கண்டும் அசையாமல் இருந்தது. பின்னால் அதற்கு டிஸ்டெம்பர் என்று தெரிந்தது. தள்ளாட்டம், தாடை துடிப்பது, வலிப்பு, கண்ணிலும் மூக்கிலும் சீழ் என்றால் டிஸ்டெம்பரோ ரேபிஸோ இருக்கலாம். இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது, ஆகவே ரேபிஸ் என்றே வைத்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள். "பாவம், சாதுவா இருக்கு" என்று செல்ஃபி எடுக்கப் போவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான காரியம்.

பகலில் பார்த்ததை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்ட வேண்டாம். காட்டுப்பூனை பகலிலும் வேட்டையாடும்.

படி 7: நோயாளி, பிணம், குட்டி

நோயுற்ற விலங்கு என்றால் படம், நேரம், இடம் மூன்றையும் எடுத்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பால், தண்ணீர், கோழிக்கறி எதுவும் வைக்க வேண்டாம். அது இன்னொரு சந்திக்கும் இடமாகிவிடும். நம் நாட்டுப் பூனையினங்கள் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, நீங்களாகப் பிடிக்கக் கூடாது.

செத்துக் கிடந்தால் அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள். நாயும் காக்கையும் அண்டாமல் ஒரு கூடையையோ தகரத்தையோ கவிழ்த்து, நிழல் படச் செய்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். வெயிலில் அரை நாள் கிடந்த உடலில் கால்நடை மருத்துவருக்கு எதுவும் மிஞ்சாது. அவர் வந்ததும், "கல்லீரலில் எலி மருந்தும் பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். யாரும் கேட்காவிட்டால் அந்தச் சோதனை பெரும்பாலும் நடப்பதில்லை. சாலையில் அடிபட்டுச் செத்ததுதானே என்று விட்டுவிட வேண்டாம். நோயில் தளர்ந்த பூனைதான் வண்டிக்கு விலகத் தெரியாமல் நிற்கும்.

குட்டி விஷயம்தான் நம்மூரில் அதிகம் நடப்பது. கரும்பு வெட்டும்போது இரண்டு மூன்று காட்டுப்பூனைக் குட்டிகள் கிடைக்கும். சிறுத்தைக் குட்டி என்று வாட்ஸ்அப்பில் படம் பறக்கும். யாராவது ஒருவர் வீட்டுக்குத் தூக்கிப்போய், வீட்டுப்பூனை குடித்த கிண்ணத்திலேயே பால் வைப்பார். பேன்லுகோபீனியாவுக்கு இதைவிட நேர்வழி கிடையாது. அந்தக் குட்டிகள் பெரும்பாலும் அநாதை இல்லை. தாய் பக்கத்து வயலில் இருட்டுக்காகக் காத்திருக்கிறது. வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லி, அவர்கள் சொற்படி கையுறை மாட்டி, ஒரு பெட்டியில், கிடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு ஆட்கள் விலக வேண்டும். மகாராஷ்டிரக் கரும்புக் காடுகளில் சிறுத்தைக் குட்டிகளையே வனத்துறையினர் இப்படித் தாயிடம் பலமுறை சேர்த்திருக்கிறார்கள்.

படி 8: ஊரில் எதை முதலில் செய்வது

பணமும் ஆளும் குறைவாக இருக்கும், எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தொடங்க முடியாது. என் வரிசை இது.

முதலில் அந்தக் கோழிக் கழிவுச் சாக்கு. கோழிக்கடைக்காரரைக் குற்றவாளி ஆக்காமல், ஊராட்சியோடு பேசி, கழிவை ஆழக் குழியில் சுண்ணாம்பு போட்டு மூடவோ, வண்டியில் எடுத்துப் போகவோ ஏற்பாடு செய்யுங்கள். தீனி குறைந்தால் அந்த இடத்தில் நாய்க்கூட்டமும் சுருங்கும். நாய்களுக்குக் கருத்தடை முகாம் நடத்தி, குப்பையை அப்படியே விட்டுவைத்தால் பக்கத்து ஊர் நாய்கள் வந்து நிரப்பும்.

அடுத்து எலி மருந்து. தானிய அறையில் ஓட்டையை அடைப்பது, பொறி வைப்பது, வயலில் ஆந்தை உட்கார டி வடிவக் குச்சி நடுவது ஆகியவற்றை முதலில் முயலலாம். எலி கேக் வைத்தே ஆக வேண்டுமென்றால் வீட்டுக்குள், பெட்டிக்குள் வையுங்கள். செத்த எலியைத் தேடி எடுத்துப் புதையுங்கள். எலி கேக்கை வேலியோரம் வீசியெறிவது எலி தின்னிகளையும் கொல்லும்.

மூன்றாவது தடுப்பூசி. நாய்க்குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பதினாறு வாரம் வரை. டிஸ்டெம்பரும் பார்வோவும் சேர்ந்த ஊசியைக் கேட்டு வாங்குங்கள், ரேபிஸ் ஊசியோடு நின்றுவிட வேண்டாம். ரேபிஸை அடக்க ஊர் நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. டிஸ்டெம்பர் அதைவிட வேகமாகப் பரவுவது, ஆகவே இலக்கு இன்னும் கூட. வீட்டுப்பூனைக்கு மூன்று நோய்க்கான கூட்டு ஊசியும் ரேபிஸும். கருத்தடையும் செய்தால் சண்டை குறையும், கடி குறையும். இரவில் வீட்டுக்குள் வைத்தால் இன்னும் நல்லது.

பேன்லுகோபீனியா வந்த வீட்டைப் பினாயில் ஊற்றிக் கழுவுவது பயனற்றது. அந்த வைரஸ் அதற்கு அசையாது, பினாயில் பூனைக்கு நஞ்சும்கூட. ஒரு பங்கு ப்ளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். மண்தரை என்றால் கழுவியும் முழுதாகப் போகாது. அந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு ஊசி போடாத குட்டியைக் கொண்டுவராமல் இருப்பதே வழி.

காட்டு விலங்குக்கு நாமே ஊசி போடும் யோசனை சில சமயம் ஆர்வலர் குழுக்களில் கிளம்பும். வேண்டாம். உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் நாய்த் தடுப்பூசி, சில காட்டு விலங்குகளுக்கு அந்த நோயையே கொடுத்ததுண்டு. அது வனத்துறை மருத்துவர்கள் தீர்மானிக்க வேண்டியது.

நோட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வரைபடத்தைப் புதுப்பியுங்கள். புள்ளிகள் இடம் மாறியிருக்கும்: புதிதாக ஒரு ரிசார்ட், அதன் பின்னால் ஒரு குப்பைக்குழி, ஒரு புதுக் கோழிப்பண்ணை. அந்தப் புதுப் புள்ளியில் அடுத்த கேமராவை வையுங்கள்.